மூன்று மாதம் கடப்பதற்குள் முறையிடுங்கள்: பொய் விளம்பரத்துக்கும் ஆபத்தான பொருளுக்கும் சட்டத்தில் உள்ள பரிகாரம்

எங்கள் அம்மா இலங்கையின் மலையகத்தில் உள்ள ஹட்டன் டவுனில் ஒரு கடையில் மின்கேத்தல் ஒன்று வாங்கி வந்தார். தண்ணீர் கொதித்ததும் தானாகவே நின்றுவிடும் என்றும், ஒரு வருட உத்தரவாதம் உண்டு என்றும் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருந்தது. பதினோராம் நாள் விடியற்காலை, பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடத்துக்கு) போகும் அவசரத்தில் கேத்தலைப் போட்டுவிட்டு அவர் ரொட்டி சுட்டு முடிப்பதற்குள் தண்ணீர் முழுவதும் வற்றி, அடிப்பாகம் உருகி, தூக்கப்போன கையோடு கைபிடி கழன்று வந்தது. உள்ளங்கையில் கொப்புளம் போட்டு, ஒரு கிழமை கொழுந்து பறிக்கப் போக முடியவில்லை. கடைக்குப் போனபோது, “கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கணும், அடுத்த சம்பளத்துக்கு வாங்கம்மா” என்றார்கள். அடுத்த சம்பளத்துக்குப் போனபோதும் அதே பதில்தான் கிடைத்தது.

அந்தப் பதிலில்தான் பெரிய நட்டம் ஒளிந்திருக்கிறது. நாம் ‘பாவனையாளர் அதிகார சபை’ என்று சொல்லிப் பழகிய நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும் என்று அந்தச் சபையை அமைத்த 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு கூறுகிறது. பொருள் பழுதான நாளிலிருந்தோ, கடைக்காரர் இறுதியாகக் கைவிரித்த நாளிலிருந்தோ இந்தக் காலம் கணக்கிடப்படுவதில்லை. மூன்று சம்பளத்துக்கு அலைய வைத்தாலே காலக்கெடு தீர்ந்துவிடும். ஆகவே கடைக்காரருடன் பேசிக்கொண்டிருக்கும்போதே முறைப்பாட்டையும் அனுப்பிவிடுங்கள். அது கடைக்காரருக்குச் செய்யும் துரோகம் அல்ல.

விளம்பரத்தைப் பொறுத்தவரை, வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் நடத்தையை அதே சட்டத்தின் 30 ஆம் பிரிவும், பொருளின் தரம், பயன், விலை, உத்தரவாதம் ஆகியவை பற்றிய பொய்யான கூற்றுகளை 31 ஆம் பிரிவும் தடை செய்கின்றன. ‘ஊரிலேயே சிறந்த கேத்தல்’ என்று எழுதியிருந்தால் அது வெறும் பெருமைப் பேச்சாகப் போய்விடலாம். ‘தானாக நின்றுவிடும்’ என்பதோ சோதித்துப் பார்த்து உண்மையா பொய்யா என்று சொல்லக்கூடிய கூற்று. முறைப்பாட்டில் இப்படிச் சோதிக்கக்கூடிய சொற்களையே, அச்சிடப்பட்டிருந்த விதத்திலேயே எடுத்து எழுதுங்கள். ஒலிபெருக்கி கட்டிய வாகனத்தில் சொன்னதும், கடைப் பையன் வாயால் சொன்னதும் இத்தகைய கூற்றுகளில் சேரும். ஆனால் அவற்றை நிரூபிக்க, கூட நின்று கேட்ட ஒருவரின் பெயர் வேண்டும். முகநூலில் பார்த்த விளம்பரத்தை அன்றே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்காவிட்டால், பிரச்சினை எழுந்த பின் அது அங்கே இருக்கும் என்று நம்ப முடியாது.

பொருள் ஆபத்தானது என்று தெரிந்தவுடன் அதைப் பாவிப்பதை நிறுத்தி, உருகியதோ உடைந்ததோ எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் எடுத்து வையுங்கள். லயத்தில் (தோட்டக் குடியிருப்பு வரிசையில்) கைத்தொழில் தெரிந்த ஒரு தம்பி, “கொண்டாங்க அக்கா, ஒரு வயர் மாத்தினா சரி” என்று அன்போடு கேட்பார், கொடுக்காதீர்கள். ஒருமுறை திறந்துவிட்டால், பழுது உங்கள் வீட்டில் ஏற்பட்டது என்று சொல்லக் கடைக்காரருக்கு வழி கிடைத்துவிடும். ‘பரிசோதனைக்கு’ என்று கடையில் கேட்டாலும், நாற்புறமும் படம் எடுத்து, தொடர் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிட்ட துண்டு வாங்கிய பின்பே கொடுங்கள். பெட்டியை அடுப்பு மூட்டப் பாவித்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம். குறைந்தபட்சம் உத்தரவாதக் காலம் முடியும் வரையாவது அதைப் பரணில் போட்டு வையுங்கள். எங்கள் விடயத்தில் அந்தப் பெட்டிதான் சாட்சி சொன்னது.

பில் கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் விற்பனைத் திகதி, அளவு, விலை ஆகியவற்றைக் குறித்த பற்றுச்சீட்டைத் தர வேண்டும் என்று 28 ஆம் பிரிவு வியாபாரியைக் கட்டாயப்படுத்துகிறது. சம்பள நாளில் தோட்டத்துக்கு வேனில் வந்து தவணைக்கு விற்பவர்களிடம் இதை இன்னும் கண்டிப்பாகக் கேட்க வேண்டும். தர மறுத்தால் வாகன இலக்கத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வையுங்கள். முகவரி இல்லாத வியாபாரியை விசாரணைக்கு அழைக்க யாராலும் முடியாது. ‘விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது’ என்று கடையில் தொங்கும் பலகையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். குறைபாடுள்ள பொருளுக்காகச் சட்டம் தந்த உரிமையை ஒரு பலகை பறித்துவிடாது.

முறைப்பாட்டுக் கடிதத்தில் நீண்ட வரலாறு தேவையில்லை. உங்கள் பெயர், முகவரி, கடையின் பெயர், முகவரி, வாங்கிய திகதி, கொடுத்த தொகை, என்ன வாக்குறுதி தரப்பட்டது, என்ன நடந்தது, நீங்கள் கேட்பது என்ன என்பவை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். கடைசியாகச் சொன்னதைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். பணத்தைத் திருப்பித் தரவும், பொருளை மாற்றித் தரவும், நட்டஈடு செலுத்தவும் உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு என்பதால், எது வேண்டும் என்பதை நீங்களே தெளிவாகக் கேளுங்கள். பில், உத்தரவாத அட்டை, படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை மட்டும் இணைத்து, மூலப்பிரதிகளை வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்பித் தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டச் செயலகங்களில் விசாரித்து, அங்குள்ள அதிகார சபை அலுவலர்களிடம் நேரிலும் கொடுக்கலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம். ஆனால் அழைப்பு கடிதத்துக்கு ஈடாகாது. தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் இடம் தருகிறது. சிங்களத்தில் எழுதித் தர ஆள் தேடி ஒரு கிழமையை இழந்தவர்களைப் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அதன்பின் இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார்கள். அன்று ஒருநாள் பேர் (ஒருநாள் வேலைக் கணக்கு) போனாலும் பொருளோடும் மூலப்பிரதிகளோடும் நேரில் போங்கள். உத்தரவிட்ட தொகையைக் கடைக்காரர் செலுத்தாவிட்டால், அதிகார சபை நீதவான் நீதிமன்றத்துக்குச் சென்று, அதை ஓர் அபராதத்தைப் போல அறவிட முடியும். பொய் விளம்பரத்துக்காகத் தொடரப்படும் குற்ற வழக்கு இதிலிருந்து வேறானது. அதில் விதிக்கப்படும் அபராதம் அரசாங்கத்துக்குப் போகுமே தவிர உங்களுக்கு வராது.

உணவுப் பொருளானால், 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பக்கூடிய பி.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) உடனே போக வேண்டும். நோயைக் குணமாக்கும் என்று விற்கப்படும் மருந்து தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதியப்பட்டதா என்று கேளுங்கள். சில வெள்ளையாக்கும் கிறீம்களில் பாதரசம் கலந்திருப்பது உலகெங்கும் கண்டறியப்பட்டுள்ளது. அது சிறுநீரகத்தைத் தாக்கும். எத்தனை நாளில் நிறம் மாறும் என்று எழுதியிருந்து, உற்பத்தியாளரின் முகவரியோ உள்ளடக்கமோ எழுதப்படாத டப்பாவைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

உடலில் காயம் பட்டிருந்தால், ஆஸ்பத்திரியில் காயத்தைக் காட்டும்போதே அது எந்தப் பொருளால் ஏற்பட்டது என்று சொல்லிப் பதிவு செய்வித்து, நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பெரிய காயத்துக்கு உரிய நட்டஈட்டை மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். ஆனால் உற்பத்தியாளரின் அல்லது விற்றவரின் கவனயீனத்தை நிரூபிக்க வேண்டியிருக்கும், வழக்கையும் இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். சட்டத்தரணிக்குப் பணம் இல்லை என்றால் நீதிமன்றங்களை அண்டியுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில், கிராம உத்தியோகத்தரிடம் பெற்ற வருமானச் சான்றிதழுடன் உதவி கேளுங்கள். மூன்று மாதத்தைத் தவறவிட்டவர்களும் அதே அலுவலகத்தில் ஆலோசனை பெறலாம். விற்ற பொருள் அதன் நோக்கத்துக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும் என்ற 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் நிபந்தனை அப்போதும் அவர்களுக்குத் துணை நிற்கும்.

நாங்கள் பத்தாவது கிழமையில்தான் எழுதினோம். விசாரணை நாளில் அம்மா உருகிய கேத்தலையும் பெட்டியையும் ஒரு உரப்பையில் போட்டுக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். அலுவலர் பெட்டியில் இருந்த வரியை உரக்க வாசித்துவிட்டுக் கடைக்காரரைப் பார்த்தார். கேத்தலின் விலையும், அம்மா இழந்த ஒரு கிழமைப் பேருக்கான சம்பளமும் அந்த மாதமே கிடைத்தன.