அமெரிக்க இடைக்காலத் தேர்தல் முடிவை எப்படிப் படிப்பது?

அதிபரின் நான்கு வருடப் பதவிக்காலத்தின் நடுவில் நாடாளுமன்றத்துக்கு நடப்பதுதான் இந்தத் தேர்தல். முதலில், அதன் இரண்டு அவைகளான பிரதிநிதிகள் சபையையும் செனட்டையும் தனித்தனியாகப் பாருங்கள். சபையின் 435 இடங்களுக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல், பெரும்பான்மைக்கு 218 வேண்டும். செனட்டில் மூன்றில் ஒரு பங்குதான் களத்துக்கு வரும், அதனால் எந்த மாநிலங்களின் முறை என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

அப்புறம், அதிபரின் கட்சி தோற்றதா என்று கேட்காதீர்கள், வழக்கமாகத் தோற்கும். எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும். 2010இல் ஒபாமா கட்சிக்குச் சபையில் 63 இடங்கள் போயின, 2018இல் டிரம்ப் கட்சிக்குச் சுமார் 40. 2022இல் பணவீக்கம் எகிறிக் கிடந்தும் பைடன் கட்சிக்குப் போனது ஒன்பதுதான். எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சி 222 - 213 என்று சபையைப் பிடித்தது, ஆனால் எல்லாரும் சொன்ன அலையைக் காணோம். கருக்கலைப்பு உரிமையைப் பறித்த, அதே வருட ஜூன் மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்பை மறந்துவிட்டு அந்த முடிவைப் புரிந்துகொள்ள முடியாது என்பேன்.

முதல் ராத்திரி முன்னிலையை நம்பி யாரிடமும் பந்தயம் கட்டாதீர்கள். நெவாடாவில் தபால் வாக்குகள் நாட்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். 2022இல் அங்கே பின்தங்கியிருந்த ஜனநாயகக் கட்சி (பைடன் கட்சி) செனட்டர் கேத்தரின் கோர்டெஸ் மாஸ்டோ, செவ்வாய்க்கிழமை தேர்தலுக்கு நாலு நாள் கழித்து, சனிக்கிழமைதான் முந்தினார், செனட்டும் அன்றே அந்தக் கட்சிக்கு உறுதியானது. ஜார்ஜியாவில் யாருக்கும் 50 சதவீதம் தாண்டாததால் டிசம்பர் 6 அன்று மறுசுற்று. அதே கட்சியின் வார்னாக் ஜெயித்தார், செனட் கணக்கு அவர்களுக்கு 51 - 49 ஆனது.