உதவிக்கு வரும் புது ஆளுக்கு வேலை பழக்குவது

கழுத்துத் தண்டுவடத்தில் சி6, அதாவது ஆறாவது கழுத்து முள்ளெலும்பு மட்டத்தில் அடிபட்டவள் நான். முழங்கையை மடக்குவேன், மணிக்கட்டைத் தூக்குவேன். விரல் அசையாது, மார்புக்குக் கீழே உணர்வில்லை. அம்மாவுக்கு மூட்டுவலி, என்னைத் தூக்க ஆகாது. அதனால் காலையில் ஓர் அக்கா வருவார். ஏஜென்சி மூலம் வருகிறவர்கள் அடிக்கடி மாறுவதால், புது ஆளைப் பழக்குவதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது.

வேலையைச் சொல்ல வேண்டியது படுக்கையில் இருக்கிறவர்தான். அம்மா சொல்லிக் கொடுத்தால், "பாப்பாவுக்கு டீ வேணுமாம்மா?" என்று எல்லாவற்றையும் அம்மாவிடமே கேட்கத் தொடங்கிவிடுவார்கள். வாய் எனக்கு நன்றாகவே வேலை செய்கிறது. என்ன வேலை என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள்: என் குளியல், உடை, சாப்பாடு, துணி, என் அறை. "அப்படியே இந்த நாலு பாத்திரத்தையும்" என்று தொடங்கினால் வந்துபோகிற சொந்தக்காரர்களுக்கும் சேர்த்துச் சமைப்பதில்தான் முடியும். என்னைத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் இருக்காது.

இரவானாலும் பகலானாலும் படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். ஏர் பெட் இருந்தாலும் இதை விட முடியாது. காலையில் உடை மாற்றும்போது முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் இரு பக்கம், உட்காரும் எலும்பு, குதிகால் இவற்றை நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்வேன். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்ததும் வெளுத்துப் பிறகு சிவந்தால் தப்பித்தோம். வெளுக்காமல் அப்படியே நின்றால் படுக்கைப் புண்ணின் ஆரம்பம். அந்த இடத்தில் பாரம் படக்கூடாது, தேய்க்கவும் கூடாது. நம் கறுப்புத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். உட்கார வைத்ததும் நைட்டியின் பின்பக்கச் சுருக்கத்தை இழுத்துவிடுங்கள், ஒரு மடிப்பு போதும் தோலைக் கெடுக்க. குளிக்கிற தண்ணீரின் சூட்டை அக்கா தன் முழங்கையில் பார்க்க வேண்டும். என் காலில் ஊற்றிவிட்டு "சுடுதா?" என்று கேட்டுப் பயனில்லை.

வீல் சேருக்கு மாற்றும்போது பிரேக் போட்டு, கால் வைக்கும் தட்டை ஒதுக்கி, யூரின் பேக்கின் டியூப் எங்கும் மாட்டாமல் பார்த்துவிட்டுத்தான் என்னைத் தொட வேண்டும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கக்கூடாது, தோள் போய்விடும். பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும்.

அந்த டியூப் மடங்கினால் வருகிற ஆபத்தைப் பலர் அறியமாட்டார்கள். திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்வை, எகிறும் ரத்த அழுத்தம். ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு இது வரலாம். பார்க்கிறவர்கள் பதறிப்போய்ப் படுக்க வைப்பார்கள். அது தவறு, அழுத்தம் இன்னும் ஏறும். நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, இறுக்கமான உடையைத் தளர்த்தி, டியூபையும் பேக்கையும் பாருங்கள். மலச்சிக்கலும் காரணமாக இருக்கலாம். அடங்காவிட்டால் 108. 'அட்டானமிக் டிஸ்ரெஃப்ளெக்ஸியா' என்ற இதன் பெயரைத் தாளில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன், உதவிக்கு வருகிறவர் ஆம்புலன்ஸ்காரர்களிடம் வாசித்துக் காட்டலாம்.

மலம் கழிப்பதற்கு ஒரே நேரம் முக்கியம். காபி குடித்த அரைமணி நேரத்தில் குடல் தானாக அசையும், அப்போது கமோடு நாற்காலியில் உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது. கதவு சாத்தியிருக்க வேண்டும், அக்கா போனில் பேசக்கூடாது. கையுறை போட்டுச் செய்ய வேண்டியதை நர்ஸ் ஒருமுறை செய்து காட்டட்டும்.

அடுத்தது என் கை. மணிக்கட்டைத் தூக்கினால் என் விரல்கள் தாமாக மடங்கும். அந்தப் பிடியில்தான் டம்ளரைத் தூக்குகிறேன், போனை எடுக்கிறேன். "எக்சர்சைஸ் பண்ணிவிடறேன்" என்று நல்ல மனதோடு வருகிறவர்கள் மணிக்கட்டைப் பின்னால் வளைத்து விரல்களையும் சேர்த்து நீட்டுவார்கள். அப்படியே செய்துவந்தால் தசைநார் தளர்ந்து பிடியே போய்விடும். விரலை நீட்டுவதென்றால் மணிக்கட்டு கீழே தொங்க வேண்டும், மணிக்கட்டைத் தூக்குவதென்றால் விரல் மடங்கியிருக்க வேண்டும். இதை அக்கா என்னிடம் திருப்பிச் சொல்லும்வரை என் கையைத் தர மாட்டேன். கரண்டியை உள்ளங்கைப் பட்டையில் செருகித் தந்தால் நானே சாப்பிடுவேன். இட்லி ஆறிப்போகும், போகட்டும். ஊட்டிவிட்டால் அவருக்குச் சீக்கிரம் வேலை முடியும், எனக்குப் பழக்கம் விட்டுப்போகும்.

கூட்டித் துடைத்ததும் நாற்காலி, மேசை, சார்ஜர் எல்லாம் இருந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். 'அழகாக அடுக்கி வைத்தேன்' என்றால் என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தேன் என்று அர்த்தம்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்தால், தண்டுவடம் பாதித்தவர்களுக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். உதவியாளர் சம்பளத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆனாலும் விடாதீர்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

நன்றாகப் பழகிய அக்கா இருக்கும்போதே வீல் சேருக்கு மாற்றுவது, டியூப் பார்ப்பது, கைப்பயிற்சி மூன்றையும் அவர் செய்யச் செய்ய அம்மா போனில் படம்பிடித்து வைத்திருக்கிறார். பின்னணியில் வேலை சொல்கிற குரல் என்னுடையது. அடுத்து வருகிறவருக்கு முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுகிறேன்.