பழைய ஹேட்ச்பேக்குக்கு வீட்டிலேயே இன்ஜின் மாற்றலாம், வாங்க

இன்ஜினைத் தூக்குவதுதான் பெரிய வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது கிரேன் பார்த்துக்கொள்கிற வேலை. நேரத்தை விழுங்குவது வேறு இரண்டு: தூக்குவதற்கு முன் கழற்ற வேண்டிய நூறு சில்லறை இணைப்புகள், அப்புறம் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒட்ட மறுக்கிற அந்தக் கடைசி ஒரு சென்டிமீட்டர்.

என்னுடையது பெட்ரோல் கார். முன்சக்கர இயக்கம், கையால் மாற்றும் கியர், குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும் இன்ஜின். பழைய சின்னக் கார்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். தேய்ந்த இன்ஜினை எடுத்துவிட்டு அதே வகை இன்ஜினை வைப்பது மட்டும்தான் இங்கே பேச்சு. பெரிய இன்ஜினைத் திணிப்பதென்றால் மவுண்டிங், வயரிங், பிரேக் வரை எல்லாம் மாறும். அதை முதல் முயற்சியாக எடுக்காதீர்கள்.

ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், ஜாக் எங்கே வைப்பது என்று தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்கும். ஸ்டாண்டு இல்லையா, இன்றைக்கு வேலை இல்லை.

இன்ஜின் வாங்கும்போது

பிளாக்கில் பொறித்திருக்கும் இன்ஜின் கோடு, அதாவது இன்ஜினின் வகையைக் குறிக்கும் குறியீடு, ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஒரே கோடுள்ள இன்ஜினிலும் தயாரித்த வருடத்தைப் பொறுத்துச் சில உறுப்புகள் மாறியிருக்கும். மவுண்டிங் துளைகள், ஆயில் சம்ப்பின் (அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி) வடிவம், சென்சார் பிளக்குகள் எல்லாவற்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். முக்கியமாக, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) சென்சார் படிக்கிற பல்சக்கரம். சில கார்களில் 36 பல் இடத்தில் ஒன்று குறைத்து வைத்திருப்பார்கள், சிலவற்றில் 60 இடத்தில் இரண்டு குறையும். இது மாறினால் இன்ஜின் சுற்றும், ஸ்டார்ட் ஆகாது. சந்தேகமாக இருந்தால் பழைய ஃப்ளைவீல் (கிராங்கின் முனையில் சுழலும் கனமான சக்கரம்), பழைய சென்சார்கள், பழைய இன்ஜெக்டர்களையே புது இன்ஜினுக்கு மாற்றிவிடுங்கள். காரின் கம்ப்யூட்டர் அவற்றோடுதான் பழகியிருக்கிறது.

கிராங்க் புல்லியின் போல்ட்டில் நீளமான ராட்செட்டை மாட்டி, இன்ஜின் ஓடும் திசையில் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கும் முட்டக் கூடாது. ஆயில் மூடியைத் திறந்து பார்க்கும்போது உள்ளே பழுப்பு நிறத்தில் பால் ஆடை மாதிரி படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

இன்ஜின் எண் வண்டியின் பதிவுச் சான்றிதழில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை மாற்றுவதற்கான விதியை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். வாங்கிய ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

கருவிகள்

கிரேனை வாடகைக்கு எடுங்கள், சொந்தமாக வாங்க வேண்டாம். சின்ன நாலு சிலிண்டர் இன்ஜின் சுமார் 100 கிலோ வரும், கியர்பாக்ஸ் சேர்ந்தால் இன்னும் கூடும். கிரேனின் கையை நீட்ட நீட்ட அதன் தாங்கும் சக்தி குறையும். 2 டன் என்று எழுதியிருக்கும் கிரேன், கை முழுக்க நீண்ட நிலையில் அரை டன் அளவுக்குத்தான் தாங்கும். எந்தத் துளையில் எவ்வளவு என்று அதன் கையிலேயே எழுதியிருக்கும். கூரை உத்தரத்தில் செயின் பிளாக் கட்டுகிற யோசனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. உத்தரம் எவ்வளவு தாங்கும் என்று யாரும் கணக்குப் போட்டுக் கட்டுவதில்லை.

சாக்கெட் வாங்கினால் ஆறு மூலை உள்ளதாக வாங்குங்கள். பன்னிரண்டு மூலை சாக்கெட் துருப்பிடித்த போல்ட்டின் தலையை மழுக்கிவிடும். இம்பாக்ட் கன் கழற்றுவதற்கு மட்டும். பூட்டும்போது அதை அறையை விட்டே வெளியே வையுங்கள். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்துகிற பிளாஸ்டிக் கருவியும் கட்டாயம். விலை அற்பம், வேலை அபாரம்.

கழற்றுவது

முந்தின நாளே சைலன்சர் பைப்பின் நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். கழற்றும்போது முதலில் ஒரு நூல் அளவு இறுக்கிவிட்டு அப்புறம் தளர்த்தினால் ஸ்டட் உடைவது குறையும்.

பெட்ரோல் பம்ப்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓட விடுங்கள்; தானாக அணைந்ததும் பைப்பில் அழுத்தம் இறங்கியிருக்கும். ஓடாத இன்ஜின் என்றால் இணைப்பின் மேல் துணியைச் சுற்றிப் பொறுமையாகத் தளர்த்துங்கள். அழுத்தம் இறங்கிய பிறகுதான் பேட்டரி. கூலன்டைத் தட்டில் பிடித்து மூடி வையுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிவிட்டால் உயிரே போய்விடும்.

ஏசி கம்ப்ரஸரைக் கழற்றுங்கள், ஆனால் அதன் ஹோஸ்களைத் தொடாதீர்கள். கம்ப்ரஸரை அப்படியே ஓரமாக நகர்த்தி, கம்பியால் பாடியில் கட்டித் தொங்கவிடலாம். வாயுவை வெளியே விட வேண்டிய அவசியமே இல்லை. ரேடியேட்டரை எடுத்துவிடுவது நல்லது. எடுக்க முடியாவிட்டால் அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு பிளைவுட் பலகையைச் சொருகி வையுங்கள்.

ஒவ்வொரு பிளக்கையும் கழற்றுவதற்கு முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். காகித டேப்பில் எழுதி ஒட்டினால் எண்ணெய் பட்டதும் உரிந்துவிடும். கேபிள் டையில் அட்டைத் துண்டைக் கோத்து, அழியாத மையில் எழுதிக் கட்டுங்கள். போல்ட்டுகளுக்கு ஜிப் பை, பையின் மேல் பெயர். எந்தத் துளையில் எந்த நீளம் என்று தெரிய, அட்டையில் படம் வரைந்து போல்ட்டுகளை அதிலேயே குத்தி வைக்கிற வழக்கம் எனக்கு உண்டு. கியர்பாக்ஸைச் சுற்றியுள்ள போல்ட்டுகளுக்கு இது ரொம்ப முக்கியம், அவை எல்லாம் ஒரே நீளம் இல்லை.

முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் நட்டைக் கார் தரையில் நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, தளர்த்திவிடுங்கள். கியர் ஆயிலை வடித்த பிறகுதான், கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகிற டிரைவ் ஷாஃப்டை இழுக்க வேண்டும். ஷாஃப்டையே பிடித்து இழுத்தால் உள் ஜாயிண்ட் கழன்று கையோடு வந்துவிடும். ஜாயிண்ட்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே லீவரை விட்டு நெம்புங்கள்.

தூக்குவது

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே எடுங்கள். இன்ஜினை மட்டும் எடுத்தால் எடை குறையுமே என்று தோன்றும். ஆனால் குறுக்கு அமைப்பில் பக்கவாட்டில் இடமே கிடையாது. திரும்ப வைக்கும்போது அந்த இடுக்குக்குள் இரண்டையும் கோக்க வேண்டியிருக்கும். தரையில் கோப்பது எவ்வளவோ மேல். சில மாடல்களில் மேல் வழியாக வராது, அடியில்தான் இறக்க வேண்டும், மேனுவலைப் பாருங்கள்.

கை அகலம் தூக்குங்கள், நிறுத்துங்கள், சுற்றி வந்து பாருங்கள். ஏதாவது ஒரு வயர் இழுபட்டுக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் அது பாடிக்குப் போகிற எர்த் வயர்தான்.

தரையில் இருக்கும்போதே

டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்கின் பின்பக்க ஆயில் சீல், கிளட்ச் செட், டிரைவ் ஷாஃப்ட் சீல்கள். புது இன்ஜினில் இவை நன்றாக இருக்கிறது என்று விற்றவர் சொன்னாலும் மாற்றிவிடுங்கள். பின்பக்க சீல் ஒழுகினால் மறுபடி கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும். டெஃப்லான் உதடு உள்ள சீல்களில் பலவற்றை எண்ணெய் தடவாமல்தான் போட வேண்டும், உடன் வரும் தாளைப் படியுங்கள். ஃப்ளைவீல் போல்ட்டுகள் பல கார்களில் ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிற வகை.

அந்தக் கடைசி ஒரு சென்டிமீட்டர்

கிளட்ச் பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். ஸ்பிரிங் துருத்தியிருக்கும் பக்கம் பொதுவாக பிரஷர் பிளேட்டின் (கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிப்பது) பக்கம் வரும். நடுவில் நிறுத்தும் கருவியை மாட்டி, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கருவியை உருவி எடுக்கும்போது தடையில்லாமல் வர வேண்டும். வரவில்லை என்றால் பிளேட் நடுவில் இல்லை, தளர்த்திவிட்டு மறுபடி செய்யுங்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பற்களில் துளி கிரீஸ் போதும். அதிகமானால் கிளட்ச்சில் தெறிக்கும்.

இனி புது இன்ஜினைக் கிரேனில் தொங்கவிட்டு, பழையதிலிருந்து பிரித்த கியர்பாக்ஸை அதனிடம் கொண்டுபோகிறீர்கள். வழுக்கிக்கொண்டு வரும், சந்தோஷமாக இருக்கும். ஒரு சென்டிமீட்டர் மிச்சமிருக்கும்போது நின்றுவிடும். போல்ட்டை மாட்டி இறுக்கினால் இழுத்துக்கொள்ளாதா என்று கை துறுதுறுக்கும். கூடவே கூடாது. இறுக்கினால் இழுத்துக்கொள்ளத்தான் செய்யும், கூடவே கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளையும், இல்லையென்றால் அலுமினிய உறையில் போல்ட் மாட்டுகிற காது விரிசல் விடும். இரண்டு முகமும் கை பலத்திலேயே ஒட்ட வேண்டும். போல்ட்டின் வேலை ஒட்டியதைப் பிடித்து வைப்பது மட்டும்தான்.

நின்றுவிட்டால் நான் பார்க்கிற வரிசை இது. முதலில் இடைவெளி. ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு சுற்றிலும் பாருங்கள். மேலே 8 மி.மீ., கீழே 12 மி.மீ. என்று வித்தியாசம் இருந்தால் கோணம்தான் பிரச்சினை. கியர்பாக்ஸின் வாலைத் தூக்கியோ இறக்கியோ இடைவெளியைச் சுற்றிலும் சமமாக்குங்கள். சமமாகவே இருந்தும் நகரவில்லை என்றால் ஷாஃப்டின் பல் கிளட்ச் பிளேட்டின் பல்லோடு முட்டி நிற்கலாம். ஏதாவது ஒரு கியரில் போட்டுவிட்டு, ஒருவர் லேசாகத் தள்ளிக்கொண்டிருக்க, இன்னொருவர் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து இன்ஜினைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்ப வேண்டும். ‘டக்’ என்று உள்ளே போகும்.

அப்படியும் போகவில்லையா? வெளியே இழுத்துவிடுங்கள். இடத்தைக் காட்டும் டோவல் பின்கள் இரண்டும் இருக்கின்றனவா, துருவேறித் தடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய இன்ஜினிலிருந்து வந்து கியர்பாக்ஸில் ஒட்டிக்கொண்டது ஒன்று, புது இன்ஜினில் ஏற்கெனவே ஒன்று என்று ஒரே துளைக்கு எதிரெதிரே இரண்டு பின் இருந்தாலும் ஒட்டாது. இது அடிக்கடி நடக்கிறது. கிளட்ச் ரிலீஸ் பேரிங் அதன் ஃபோர்க்கிலிருந்து நழுவியிருக்கலாம். நடுவே இருக்கும் மெல்லிய தகடு மடங்கியிருக்கலாம். ஏதோ ஒரு வயர் நசுங்கிக்கொண்டும் இருக்கலாம்.

ஒட்டிய பிறகும் உடனே காருக்குள் ஏற்றாதீர்கள். பல கார்களில் ஸ்டார்ட்டர் மோட்டார் கியர்பாக்ஸ் உறையில்தான் மாட்டும். ஆகவே இப்போதுதான் தரையிலேயே கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம், பார்க்க முடியும். நியூட்ரலில் வைத்து, ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொரு பிளக் துளையிலும் மாற்றி மாற்றிக் கம்ப்ரஷன் கேஜை வைத்து, த்ராட்டிலை (காற்று நுழையும் வழி) முழுக்கத் திறந்து, ஜம்ப் கேபிளால் ஸ்டார்ட்டரைச் சுற்ற விடுங்கள். இன்ஜின் உதறும், கிரேன் சங்கிலியைக் கழற்றாமல் வைத்திருங்கள். ஆரோக்கியமான பெட்ரோல் இன்ஜின் பொதுவாக 10 பாருக்கு மேல் காட்டும், குளிர்ந்த நிலையில் கொஞ்சம் குறையலாம். எண்ணை விட முக்கியம், சிலிண்டர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லாமல் இருப்பது. ஒன்று மட்டும் பாதியாக இருந்தால் இந்த இன்ஜினைத் திருப்பிக் கொடுக்க இதுதான் கடைசி வாய்ப்பு.

இறக்கி மாட்டுவது

கழற்றியதன் தலைகீழ் என்று மேனுவல் ஒரே வரியில் முடித்துவிடும். பெரும்பாலும் அது உண்மைதான். மவுண்டிங் போல்ட்டுகளை மட்டும் எல்லாம் மாட்டும்வரை தளர்வாக விட்டு, இன்ஜினை உலுக்கி உட்கார வைத்து, அப்புறம் இறுக்குங்கள். இல்லாவிட்டால் ஸ்டீயரிங் வரை அதிரும். டார்க் அளவு மேனுவல் சொல்வதே. அது கிடைக்காத, தலையில் 8.8 என்று பொறித்த சாதாரண போல்ட்டுக்கு, எம்8 (8 மி.மீ. தடிமன்) என்றால் சுமார் 25, எம்10 என்றால் சுமார் 50 நியூட்டன் மீட்டர். ஹப் நட், ஃப்ளைவீல், ஹெட் போல்ட்டுகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

எர்த் வயரை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் மின்சாரம் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகிப் புகைவது அதனால்தான்.

முதல் ஸ்டார்ட்

இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட் மூன்றும் ஊற்றியாகிவிட்டதா? சரி. பெட்ரோல் பம்ப்பின் ஃப்யூஸையும் இக்னிஷன் காயிலின் பிளக்கையும் கழற்றியே வைத்துக்கொண்டு, பத்துப் பத்து விநாடியாக, நடுவே ஓய்வு கொடுத்துச் சுற்ற விடுங்கள். ஆயில் விளக்கு அணையும்வரை இன்ஜின் எரியக் கூடாது. அணைந்த பிறகு இரண்டையும் மாட்டி, சாவியை மட்டும் போட்டுப் பெட்ரோல் எங்கேயும் கசிகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஸ்டார்ட்.

சைலன்சர் பக்கம் புகை வரும், கைபட்ட எண்ணெய் எரிகிறது, சில நிமிடங்களில் நிற்கும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, கூலன்டில் உள்ள காற்று வெளியேறும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். மேல் ஹோஸ் திடீரென்று சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி நிற்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

பின்சேர்க்கை: கேள்விகளிலிருந்து

இரண்டு டிரைவ் ஷாஃப்டையும் எடுத்த பிறகு, திரும்ப மாட்டும்போது ஷாஃப்ட் உள்ளே போகவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். சில கியர்பாக்ஸ்களில் இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே இருந்தால் டிஃபரன்ஷியலின் (இரண்டு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) பக்கப் பற்சக்கரங்கள் இடம் நகர்ந்துவிடும். துளைக்குச் சரியான தடிமனில் ஒரு மரக்குச்சியையோ பழைய ஷாஃப்டின் முனையையோ உடனே சொருகி வைத்தால் போதும். ஏற்கெனவே நகர்ந்திருந்தால் ஒரு பக்கத்திலிருந்து விரலை விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தபடி மெதுவாகச் சுழற்றித் திரும்ப வரிசைப்படுத்தலாம். எல்லா மாடலிலும் முடியாது.

ஆட்டோமேட்டிக் கியர் உள்ளவர்களுக்கு: டார்க் கன்வெர்ட்டரை (கிளட்ச்சுக்குப் பதிலாக ஆயில் வழியாகச் சுழற்சியைக் கடத்துவது) இன்ஜினோடு போல்ட் போடுவதற்கு முன், அது கியர்பாக்ஸுக்குள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். சுற்றிக்கொண்டே தள்ளினால் படிப்படியாக ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இறங்கும். முதல் இறக்கத்தோடு நிறுத்தி இன்ஜினை இறுக்கினால் ஆயில் பம்ப் உடைந்துவிடும். உறை இன்ஜினோடு ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டரைக் கையால் சுழற்ற முடிய வேண்டும். முடியவில்லை என்றால் ஒரு போல்ட்டையும் தொடாமல் பிரித்துவிடுங்கள்.