ஸ்டெப்பிங் கற்றுக்கொள்ள வேண்டுமா? முதலில் காது, அப்புறம் கால்

ஸ்டெப்பிங் என்பது காலால் மிதித்தும் கைதட்டியும் உடம்பைத் தட்டியும் தாளம் எழுப்பிக் குழுவாக ஆடும் ஆட்டம். அதன் வீடியோ பார்த்ததும் எல்லோரும் முதலில் தாவலையும் சுழற்சியையும்தான் பிடிக்கப் போகிறார்கள். அதை விடுங்கள். இது கண்ணுக்கான ஆட்டம் என்பதைவிடக் காதுக்கான ஆட்டம், ஏனென்றால் உடம்புதான் இங்கே தாளக்கருவி. 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ கிளர்ச்சி வெடித்தது. மறு ஆண்டே அங்கு வந்த சட்டம் அடிமைப்படுத்தப்பட்டவர்களிடமிருந்து மேளத்தைப் பறித்தது. தாளத்தைப் பறிக்க முடியவில்லை, அது தொடையிலும் நெஞ்சிலும் உள்ளங்கையிலும் வாழ்ந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் கறுப்பின மாணவர்களின் ஃப்ரட்டர்னிட்டிகளும் (ஆண்கள் சங்கங்கள்) சொராரிட்டிகளும் (பெண்கள் சங்கங்கள்) 20ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்த ஸ்டெப்பிங்குக்குப் பின்னால் இந்த மரபும் இருக்கிறது.

சரி, பயிற்சி. அடிப்பாகம் கெட்டியான ஷூ போடுங்கள், மெத்தென்ற ரப்பர் அடி சத்தத்தை விழுங்கிவிடும். மரத்தளம் கிடைத்தால் நல்லது. முழங்காலை லேசாக மடக்கி, குதிகாலால் குத்தாமல் பாதம் முழுவதும் பதிகிற மாதிரி மிதியுங்கள், இல்லையென்றால் முழங்கால் வலிக்கும். இப்போது எட்டு வரை எண்ணுங்கள்: ஒன்றில் வலது கால் மிதி, இரண்டில் கைதட்டல், மூன்றில் இடது கால், நான்கில் மறுபடி கைதட்டல், ஐந்தில் வலது முழங்காலைத் தூக்கி அதன் அடியில் கைதட்டல், ஆறில் அந்தக் காலை ஊன்றுவது, ஏழில் இரண்டு கையாலும் தொடையில் ஒரு அடி. எட்டில் எதுவும் செய்யாதீர்கள். அந்த ஒரு எண்ணிக்கை நிசப்தத்தைப் பிடிக்கத்தான் புதியவர்கள் திணறுவார்கள், குழுவின் சுத்தமும் அங்கேதான் தெரியும். நாலு பேராகச் செய்து போனில் ஒலியை மட்டும் பதிவு செய்து கேளுங்கள். நாலு கைதட்டல் தனித்தனியாகக் கேட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

அடுத்து சொல்வதை விளையாட்டாக எடுக்காதீர்கள். இந்தச் சங்கங்களுக்கென்று தனி அடையாளங்கள் உண்டு: காப்பா ஆல்ஃபா சையின் கைத்தடி, ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவின் ‘ஸ்கீ-வீ’ குரல், ஒமேகா சை ஃபையின் கைச்சின்னம் எல்லாம் அந்தந்த அமைப்புக்குச் சொந்தம். உறுப்பினர் இல்லாதவர் அவற்றைச் செய்தால் அவமதிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள், அது நியாயமும்கூட. உங்கள் ஸ்டெப்பை நீங்களே கட்டுங்கள். நல்ல முன்மாதிரி வேண்டுமென்றால் 1994இல் தொடங்கிய, வாஷிங்டனைச் சேர்ந்த ஸ்டெப் ஆஃப்ரிக்கா குழுவைப் பாருங்கள்.

கறுப்பின மாணவர்களுக்காக உருவான, வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகம் மாதிரி ஒரு கல்லூரியில் படிக்கப் போகிறீர்கள், ஏதாவது ஒரு அமைப்பில் சேர ஆசை என்றால், நன்றாக ஆடினால் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். ‘டிவைன் நைன்’ எனப்படும் ஒன்பது கறுப்பின மாணவர் அமைப்புகளில் மூத்தது 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. ஐந்து ஹோவர்டிலேயே பிறந்தவை. மதிப்பெண்ணையும் சமூகப் பணியையும் பார்ப்பார்கள். உறவு படிப்போடு முடியாது, பட்டதாரிகளுக்கென்றே தனிக் கிளைகள் உண்டு. சேர்ப்பதாகச் சொல்லி யாராவது அடித்தாலோ, தூங்கவிடாமல் வைத்தாலோ அது ஹேஸிங். ஒன்பது அமைப்புகளும் அதைத் தடை செய்திருக்கின்றன. அங்கிருந்து உடனே கிளம்பி, கல்லூரி நிர்வாகத்திடம் புகார் கொடுங்கள்.

அதுவரை ஹோம்கமிங் (பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வரும் விழா) சமயத்து ஸ்டெப் ஷோக்களுக்குப் போங்கள், கத்தி உற்சாகப்படுத்துங்கள். விருந்துகளில் பாட்டுக்கு ஏற்ப வரிசையாக நகர்ந்து ஆடுவார்கள், அது ஸ்ட்ரோல். அந்த வரிசைக்கு நடுவில் மட்டும் புகுந்து கடக்காதீர்கள்; சுற்றிப் போங்கள்.