பாலாற்றுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தடவை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வேலூரில் பாலாற்றுக்கு அழைத்துப் போனேன். திரும்பி வந்து பாதிப் பேர் நோட்டில் எழுதியது ஒரே வரி: "ஆற்றில் தண்ணீர் இல்லை." என்ன பார்க்க வேண்டும் என்று நான் சொல்லாததுதான் தவறு.

தண்ணீர் வரும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். வறண்ட பாலாறே பாடம்தான். மணலுக்கு அடியில் நீர் இருப்பதால்தான் வட ஆற்காட்டு விவசாயிகள் ஆற்றிலேயே ஊற்று தோண்டி, கால்வாய் வெட்டி வயலுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வாளி மணலில் எத்தனை லிட்டர் நீர் ஊற்றலாம் என்று பிள்ளைகளே அளக்கட்டும். அதில் கணக்கும் இருக்கிறது, அறிவியலும் இருக்கிறது. அப்புறம், மணல் அள்ளிய பிறகு கிணறு என்ன ஆனது என்று வீட்டில் தாத்தாவிடம் கேட்டு வரட்டும். மேலே கர்நாடகத்தில் அணை கட்டினால் நமக்கு என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், 1892-இல் மதராஸும் மைசூரும் செய்த ஒப்பந்தத்தை அங்கே எடுங்கள்.

ஆளுக்கொரு வேலை கொடுப்பது இன்னொரு தவறு. தமிழாசிரியர் கட்டுரை, கணக்காசிரியர் அகலம் என்று பிரித்தால் எதுவும் எதோடும் ஒட்டாது. "நம் தெருக் கிணறு ஏன் உப்புக் கரிக்கிறது?" என்று ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு எல்லோரும் அதைத் துரத்துங்கள்.

அந்தக் கேள்வியில்தான் பெரிய தவறு நடக்கிறது. நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒரு கிணற்றில் 1,500 காட்டியதும் "தோல் தொழிற்சாலை" என்று முடித்துவிடுகிறோம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. ஆனால் அந்த மீட்டர் கரைந்த உப்பின் மொத்தத்தைத்தான் மதிப்பிடும். உப்பு பாறையிலிருந்து வந்ததா, பச்சைத் தோலில் தடவிய உப்பா என்று அதற்குத் தெரியாது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தையும் அது தனியாகக் காட்டாது. ஆற்றோரம், ஏரியோரம், தொழிற்சாலைக்கு மேலேயும் கீழேயும் எனப் பத்துக் கிணறுகளையாவது ஒப்பிட வேண்டும்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வகுப்பறைகளில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை செய்பவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் அப்பாவைக் குற்றவாளி ஆக்கும் பாடத்தை நடத்தாதீர்கள். மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது நம் வேலூர் வழக்கில்தான். அதைக் கொடுத்து, கூலி, நீர், ஏற்றுமதி என எல்லாப் பக்கமும் அவர்களையே பேசவிடுங்கள். என் வகுப்பில் வாயே திறக்காத பையன் அன்றுதான் பேசினான்.

மணல் அள்ளிய குழிகளுக்கு அருகே யாரையும் விடாதீர்கள். மழைக்காலத்தில் ஆற்றுக்குள் இறங்கவே வேண்டாம். 2021 நவம்பர் வெள்ளம் நினைவிருக்கும்.

ஒரே நாளில் முடிப்பதும் வீண். ஜூனில் கல் கட்டிய கயிற்றை விட்டு அளந்த அதே கிணற்றை, டிசம்பரில் அதே கயிற்றால் அளக்கட்டும். நோட்டை அடுத்த வருட ஒன்பதாம் வகுப்பிடம் கொடுத்துவிடுங்கள்.