கடல் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

ஊரிலிருந்து யார் கொழும்புக்கு வந்தாலும் எங்கள் வெள்ளவத்தை வீட்டில்தான் பையை இறக்குவார்கள். மறுநாள் காலை தேத்தண்ணி ஆறுவதற்குள் கேள்வி வந்துவிடும்: "அக்கா, பாஸ்போட் எடுக்க பத்தரமுல்லைக்குப் போகவேணும். ஓட்டோக்காரன் எவ்வளவு கேப்பான்?"

ஓட்டோவை விடுங்கள். கடலோரமாகக் காலி நகர் வரை போகும் பெரிய தெருவான காலி வீதிக்கு வந்து நின்று, கடல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு போகிற பஸ் கோட்டைப் பக்கம் போகிறது. கடல் வலக்கைப் பக்கம் என்றால் தெஹிவளை, மொறட்டுவை, பாணந்துறை. பிறகு எண். 100 பாணந்துறைக்கும் புறக்கோட்டைக்கும் இடையில் ஓடுவது, 101 மொறட்டுவைக்கும் புறக்கோட்டைக்கும். ஊர்ப்பெயரை வாசித்துக்கொண்டு நின்றால் பஸ் போய்விடும், எண்ணைக் கண்டதும் கையைக் காட்டுங்கள். பத்தரமுல்லைக்கு இரண்டில் எதிலாவது ஏறிக் கொள்ளுப்பிட்டியில் இறங்கி, அங்கே கடுவலைக்குப் போகும் 177ஐப் பிடித்தால் சரி.

போவது சுலபம், திரும்பி வருவதில்தான் மாட்டிக்கொள்வீர்கள். நான் கொழும்புக்கு வந்த புதிதில், கொள்ளுப்பிட்டியில் அலுவல் முடித்துக்கொண்டு காலி வீதியில் எதிர்ப்பக்கமாகப் போய் நின்றேன். இறங்கிய இடத்துக்கு எதிரே ஏறுவதுதானே முறை? முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். வந்த பஸ் அத்தனையும் கோட்டைப் பக்கமே போயின. கடைசியில் வடை விற்றுக்கொண்டிருந்த ஒருவர் பாவம் பார்த்து, "மிஸ், வெள்ளவத்தைக்கா? அங்கால ரோட்டுக்குப் போங்க" என்றார். அந்தத் துண்டில், பம்பலப்பிட்டி வரைக்கும், காலி வீதி ஒருவழிப் பாதை. தெற்கே வருகிற பஸ்கள் டுப்ளிகேஷன் ரோட்டால் வந்து பம்பலப்பிட்டியில்தான் காலி வீதியைப் பிடிக்கும். ஆகவே கொள்ளுப்பிட்டியிலிருந்து வீடு திரும்ப, கடலுக்கு முதுகைக் காட்டி ஒரு தெரு உள்ளே நடக்கவேண்டும். அதுதான் டுப்ளிகேஷன் ரோடு, ஆனால் பலகையில் ஆர்.ஏ. டி மெல் மாவத்தை என்றிருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள்.

பஸ்ஸுக்குள் முன் இருக்கை காலியாகக் கிடந்தால் பாய்ந்து உட்காராதீர்கள், அது மதகுருமாருக்கு ஒதுக்கியது. ஏறும்போதே ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் கொண்டக்டரின் முகத்தைப் பார்க்கவேண்டும்! மிச்சத்தைப் பிறகு தருகிறேன் என்றால் மறந்துவிடுவார், நீங்களும் மறந்துவிடுவீர்கள். இறங்க ஒரு தரிப்பு இருக்கும்போதே "இத்துரு சல்லி" என்று சிங்களத்தில் மிச்சக்காசைக் கேளுங்கள். கதவடிக்கு வந்து "மெத்தன பஹினவா", இங்கே இறங்குகிறேன், என்றால் நிறுத்துவார். நிறுத்துவார் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான், சக்கரம் முழுதாக நிற்காது. இடது காலை முதலில் வையுங்கள்.

பகல் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும், மாலை ஐந்துக்குக் கந்தோர் விடும். அந்த நேரங்களில் கோட்டைக்குப் போவதென்றால் ரயில்தான் புத்தி. வெள்ளவத்தை ஸ்டேஷன் கடலோரத்திலேயே இருக்கிறது. பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என்று அலையைப் பார்த்துக்கொண்டே போய்விடலாம். காலி, மாத்தறைக் கடுகதி ரயில்கள் எல்லா இடத்திலும் நிற்காது, கவுன்டரில் கேட்டுவிட்டு ஏறுங்கள். டிக்கெட்டை எறியாதீர்கள், வெளியே வரும் வாசலில் கேட்பார்கள். கோட்டையில் யாரையாவது சந்திப்பதென்றால் ஸ்டேஷனுக்கு முன்னால் நிற்கும் ஒல்கொட் சிலையடி என்று சொல்லுங்கள். "வாசலில் நிற்கிறேன்" என்றால் ஒருவரையொருவர் தேடியே பொழுது போய்விடும்.

ஓட்டோவை மழைக்கும், இரவுக்கும், சாமான் மூட்டைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பிக்மீ, ஊபர் என்ற ஓட்டோ கூப்பிடும் செயலிகள் இரண்டையும் போனில் போட்டு விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தெருவில் மறித்தால் ஏறுவதற்கு முன்பே மீட்டர் போடச் சொல்லுங்கள். மீட்டர் பழுது என்பவருடன் வாக்குவாதம் வேண்டாம், பின்னால் இன்னொருவர் வருவார். வெள்ளவத்தைக்கு வரும்போது ஒழுங்கையின் பெயரைச் சொல்லிக் குழம்பாமல், சவோய் தியேட்டரைத் தாண்டியா, அதற்கு முன்பா என்று மட்டும் சொல்லுங்கள். கிட்ட வந்ததும் சாரதி தலையைத் திருப்பி "முஹுது பெத்தத?" என்று கேட்பார். கடல் பக்கமா என்கிறார். எங்கள் வீட்டுக்கு என்றால், ஓம்.