பாயிண்ட் 38 தோட்டாவின் வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊர் துப்பறியும் கதைகளில் ரிவால்வர் வந்தால் கூடவே 'பாயிண்ட் 38' என்ற எண்ணும் வந்துவிடும். கேட்டுக் கேட்டுப் பழகிய எண் என்பதால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. ஆனால் இந்தத் தோட்டாவின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவதே அந்த எண்ணில்தான். .38 ஸ்பெஷல் தோட்டாவில் இருக்கும் குண்டின் விட்டம் 0.38 அங்குலம் கிடையாது. 0.357 அங்குலம், அதாவது 9 மில்லிமீட்டரும் ஒரு மயிரிழையும். பெயரை அளவு என்று நம்பி எழுத ஆரம்பித்தால் அதற்குப் பிறகு வரும் பாதி விஷயங்கள் தானாகவே தவறிப்போகும்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளை உறை, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி தரும் மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய ஈயக் குண்டு, இவை எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. குழலை விட்டு வெளியே போவது குண்டு மட்டும். 'தோட்டா நெஞ்சைத் துளைத்தது' என்று செய்தித்தாள்களே எழுதுவதால் நமக்கும் அது பழகிவிட்டது. அப்புறம் ரிவால்வரால் சுட்டுவிட்டு ஓடியவனைப் பற்றி எழுதும்போது தரையில் காலித் தோட்டாக்கள் சிதறிக் கிடந்ததாக எழுதாதீர்கள். பிஸ்டல்தான் ஒவ்வொரு முறையும் காலி உறையை வெளியே தள்ளும். ரிவால்வரில் சுட்ட உறைகள் சிலிண்டருக்குள்ளேயே இருக்கும், சுட்டவரே திறந்து கொட்டினால்தான் கீழே விழும்.

சரி, 0.357-க்கு ஏன் 38 என்று பெயர் வந்தது? இதற்குப் பதில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் கையிலேயே இருந்திருக்கிறது. பயிற்சியில் .22 ரைஃபிளுக்குக் கொடுத்த அந்தக் குட்டித் தோட்டாவை விரலால் தடவிப் பார்த்த ஞாபகம் இருக்கிறதா? பித்தளையும் ஈயமும் ஒரே மட்டமாக இருக்கும், இடையில் படி எதுவும் தட்டுப்படாது, குண்டின் மேல் லேசாக மெழுகுப் பிசுக்கு ஒட்டும். குண்டின் வெளிவிட்டமும் உறையின் வெளிவிட்டமும் ஒன்று. குண்டின் பின்பகுதியை மட்டும் கொஞ்சம் சிறுக்க வைத்து உறைக்குள் செருகியிருப்பார்கள். 1870-களில் .38 தோட்டாக்களும் இதே மாதிரிதான் இருந்தன. மசகு வெளியே இருந்ததால் பையில் போட்டால் தூசியும் மணலும் அப்பிக்கொள்ளும். பிறகு குண்டு முழுவதையும் உறைக்குள் அடங்கும்படி சிறிதாக்கி, மசகையும் உள்ளே தள்ளினார்கள். உறையின் அளவு மாறவில்லை, அது இன்றும் 0.379 அங்குலம்தான். ஆக 38 என்பது உறையின் எண். குண்டு இளைத்துவிட்டது, பெயர் அப்படியே தங்கிவிட்டது.

இந்த உறை அளவு வானத்திலிருந்து வரவில்லை. அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்டின் 1851 மாடல் நேவி ரிவால்வர் .36 என்று அழைக்கப்பட்டது. மருந்தையும் குண்டையும் தனித்தனியாக முன்பக்கத்திலிருந்து திணிக்கும் ரகம் அது. அதன் குழலில் திருகு பள்ளங்களையும் சேர்த்து அளந்தால் ஏறக்குறைய 0.375 அங்குலம் வரும். இந்தப் பழைய ரிவால்வர்களை உலோகத் தோட்டா போடும்படி மாற்றியபோது, அந்தக் குழலுக்குப் பொருந்தும் குண்டோடு பிறந்ததுதான் .38 குடும்பம். உலோகத் தோட்டாக்கள் புழக்கத்துக்கு வந்து பல வருடம் ஆகியும் கோல்ட் நிறுவனம் ஏன் அவ்வளவு தாமதமாக இறங்கியது என்று கேட்பவர்கள் உண்டு. பலர் அதைக் கோல்ட்டின் பிடிவாதம் என்று எழுதிவிடுகிறார்கள், ஆனால் காரணம் காப்புரிமை. பின்னாலிருந்து தோட்டா போடும்படி முழுக்கத் துளையிட்ட சிலிண்டருக்கு ரோலின் வைட் என்பவர் 1855 ஏப்ரலில் காப்புரிமை வாங்கியிருந்தார். அதைப் பயன்படுத்தும் உரிமை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் கையில் இருந்தது, விற்கும் ஒவ்வொரு ரிவால்வருக்கும் 25 சென்ட் வைட்டுக்குப் போகும். 1869-ல் அது காலாவதியான பிறகுதான் மற்ற கம்பெனிகளுக்குக் கதவு திறந்தது. நீட்டிப்புக் கேட்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறிய மசோதாவை 1870-ல் ஜனாதிபதி கிராண்ட் ரத்து செய்துவிட்டார்.

அடுத்த பெரிய தவறு, .38 என்று பெயர் இருப்பதையெல்லாம் ஒரே தோட்டா என்று நினைத்துக்கொள்வது. .38 லாங் கோல்ட், .38 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் சுருக்கம்), .38 ஸ்பெஷல், .38-40 வின்செஸ்டர் நான்கும் வேறு வேறு. இதில் .38-40 முழுக்கவே ஏமாற்றும் பெயர், அதன் குண்டு 0.40 அங்குலம். பின்னால் இருக்கும் 40 என்பது கருமருந்தின் எடை, கிரெயின் கணக்கில். ஆங்கிலேயர்களின் .38/200-ல் வரும் 200-ம் கிரெயின்தான், ஆனால் அது மருந்தின் எடை அல்ல, குண்டின் எடை, சுமார் 13 கிராம். ஒரே மாதிரி எழுதப்பட்ட இரண்டு பெயர்களில் இரண்டாவது எண்ணுக்கு இரண்டு அர்த்தம் என்றால் குழப்பம் வராமல் எப்படி இருக்கும்?

நம் பக்கத்துக்கு இந்த .38/200 முக்கியமானது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் கனமான .455 ரிவால்வரை விட்டு, சீக்கிரம் பழகக்கூடிய இலேசான ஒன்றைத் தேடியது. அதற்கு 1877-லேயே வந்திருந்த அமெரிக்க .38 எஸ் அண்ட் டபிள்யூ உறையை எடுத்து அதில் கனமான ஈயக் குண்டை வைத்தார்கள். வெப்ளி மார்க் 4, என்ஃபீல்டு நம்பர் 2 இரண்டும் இதற்கான ரிவால்வர்கள். மிருதுவான ஈயக் குண்டு, உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் தடுத்த 1899 ஹேக் பிரகடனத்துக்கு முரணாகிவிடுமோ என்ற தயக்கத்தில் பிறகு 178 கிரெயின் எடையில் உலோகக் கவசம் போட்ட குண்டுக்கு மாறினார்கள். பிரிட்டிஷ் ஆட்சி இருந்த ஊர்களின் போலீசுக்கும் இந்த வெப்ளி வந்தது, சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தியக் காவல் துறையில் நெடுங்காலம் இருந்தது. அதனால் பழைய கால இன்ஸ்பெக்டரின் இடுப்பில் இருந்த 'பாயிண்ட் 38'-ஐப் பற்றி எழுதும்போது அமெரிக்க .38 ஸ்பெஷலின் வரலாற்றை எடுத்து ஒட்டாதீர்கள். .38/200-ன் உறை 0.386 அங்குல அகலம், வெறும் 0.775 அங்குல நீளம். ஸ்பெஷலின் உறை அதைவிட ஒல்லி, ஆனால் 1.155 அங்குல நீளம். ஒன்றுக்கு இன்னொன்று மாற்று கிடையாது.

இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் ஓர் இடமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 'விக்டரி' மாடல் ரிவால்வர்களைப் பெருமளவில் செய்து அனுப்பியது. பிரிட்டனுக்கும் காமன்வெல்த் நாடுகளுக்கும் .38/200, அமெரிக்கக் கடற்படைக்கு .38 ஸ்பெஷல், வெளித்தோற்றம் இரண்டுக்கும் ஒன்றுதான். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ரகத்தில் ஏராளமானவை வியாபாரிகள் கைக்குப் போயின. அவர்கள் ஸ்பெஷல் தோட்டா நுழைகிற அளவுக்குச் சிலிண்டர் துளையை நீளமாகக் குடைந்து விற்றார்கள். நீளத்தைக் கூட்டலாம், ஏற்கெனவே அகலமாக இருக்கும் துளையைச் சுருக்க முடியாதே. அப்படிப்பட்ட ரிவால்வரில் சுட்ட காலி உறையைப் பார்த்தால் அடிப்பக்கம் இரை விழுங்கிய பாம்பு மாதிரி உப்பியிருக்கும், சில சமயம் நீளவாக்கில் பிளந்தும் இருக்கும். குழலில் அச்சடித்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு இது இன்ன ரகம் என்று அடித்துச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

'ஸ்பெஷல்' என்றதும் ஏதோ தனிப்பட்ட சக்தி என்று எழுதுவதும், நீளமான உறையைப் பார்த்து அதிக சக்தி என்று எழுதுவதும் கூடப்பிறந்த தவறுகள். 1890-களின் கடைசியில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்தது, லாங் கோல்ட் உறையைச் சுமார் 3 மில்லிமீட்டர் நீட்டி, 150 கிரெயின் குண்டுக்குப் பதில் 158 கிரெயின் குண்டு வைத்தது. அவ்வளவுதான். அந்த நீளம் கருமருந்துக்காக, கருமருந்து இடத்தை அடைக்கும். கொஞ்ச நாளிலேயே புகையில்லாத மருந்து வந்து அதன் இடத்தைப் பிடித்தது, அது கொஞ்சம் போதும் என்பதால் உறைக்குள் பாதிக்கு மேல் காலியிடம். 1935-ல் .357 மேக்னம் வந்தபோது உறையை இன்னும் கொஞ்சம் நீட்டினார்கள், ஆனால் அதற்கு மருந்துக்கு இடம் போதாதது காரணமில்லை. அழுத்தம் அதிகமான புதுத் தோட்டா பழைய .38 ரிவால்வருக்குள் நுழைந்து அதை வெடிக்கச் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். குண்டு இரண்டிலும் ஒரே விட்டம். இளைத்த குண்டின் உண்மையான அளவை இந்தக் குடும்பத்தில் பெயராக வைத்ததும் அப்போதுதான்.

இப்போது பிலிப்பைன்ஸ். இந்தத் தோட்டா பற்றிய எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் மோரோக்கள் வந்துவிடுவார்கள். கதை இப்படிப் போகும்: தெற்குத் தீவுகளின் முஸ்லிம் மக்களான மோரோக்களின் வீரர்கள் .38 குண்டு பட்டும் நிற்காமல் ஓடி வந்து வெட்டினார்கள், அதனால் .38 ஸ்பெஷல் பிறந்தது, அதுவும் போதாமல் .45 பிஸ்டல் வந்து அவர்களை அடக்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஸ்பெஷல் 1898-ல் உருவானது என்று இதே கட்டுரைகள்தான் எழுதுகின்றன. அமெரிக்க பிலிப்பைன்ஸ் போர் தொடங்கியது 1899 பிப்ரவரியில், அதுவும் வடக்கே, மணிலா பக்கத்தில். தெற்கே மோரோக்களின் சூலு சுல்தானோடு அமெரிக்கா 1899 ஆகஸ்டில் உடன்படிக்கையே போட்டுக்கொண்டது. தெற்குத் தீவான மிண்டனாவோவில் மோரோக்களோடு முதல் பெரிய மோதல் நடந்தது 1902 மே மாதம், பாயானில். பின்னால் நடந்த சண்டைக்காக முன்னாலேயே தோட்டா எப்படிப் பிறக்கும்?

அங்கே ராணுவ அதிகாரிகள் குறை சொன்னது ஸ்பெஷலை அல்ல, 1892 முதல் ராணுவம் வைத்திருந்த கோல்ட் ரிவால்வரின் .38 லாங் கோல்ட் தோட்டாவைத்தான். அதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. குண்டு இளைத்த பிறகும் குழல் கொஞ்ச காலம் பழைய அகலத்திலேயே இருந்தது, குண்டின் அடியைக் குடைந்து, வெடிக்கும் வேகத்தில் அது விரிந்து குழலை நிரப்பும் என்று விட்டிருந்தார்கள். குறைகள் வந்தபோது ராணுவம் உடனடியாகச் செய்தது, கிடங்கில் கிடந்த பழைய .45 கோல்ட் ரிவால்வர்களின் குழலை ஏழரை அங்குலத்திலிருந்து ஐந்தரை அங்குலமாக வெட்டி அனுப்பியது. அதன் குண்டு சுமார் 16 கிராம், லாங் கோல்ட்டுடையது பத்துக்கும் குறைவு. எல்லோரும் சொல்லும் .45 பிஸ்டல் ராணுவத்தில் சேர்ந்தது 1911 மார்ச்சில்தான், அதற்குள் மோரோ சண்டைகளில் பெரும்பகுதி முடிந்துவிட்டது. அந்த மனிதர்களை வெறிபிடித்துப் பாய்கிறவர்களாக மட்டும் காட்டி எழுதும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1906-ல் புட் டாஜோ மலை உச்சியில் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கில் அவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒரு தோட்டாவின் திறமையைப் பேசும் கட்டுரையிலும் அந்த வரி இருக்க வேண்டும்.

1904-ல் ராணுவ மருத்துவர் லூயி லகார்டேயும் ராணுவ அதிகாரி ஜான் தாம்ஸனும் நடத்திய சோதனைகளை ஸ்பெஷலைத் தோற்கடித்த சோதனை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சிகாகோ கசாப்புக் கூடத்து மாடுகள் மேலும் மனிதச் சடலங்கள் மேலும் பல தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, குண்டின் விட்டம் 0.45 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று சொன்னார்கள். அந்தத் தோட்டாக்களின் பட்டியலில் .38 ஸ்பெஷல் இல்லை, லாங் கோல்ட்தான் இருந்தது.

கடைசியாக அந்தோனியோ காஸ்பி. நான்கு குண்டு பட்டும் விழாத மோரோ வீரர் என்று இவர் பெயர் ஊரெல்லாம் சுற்றுகிறது. லகார்டே பின்னாளில் தன் மருத்துவ நூலில் பதிவு செய்திருப்பது வேறு. காஸ்பி சாமார் தீவில் இருந்த ஒரு கைதி. சாமார் மோரோக்களின் நிலம் அல்ல, நடுவில் இருக்கும் விசாயா தீவுகளில் ஒன்று, அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். தப்பிக்க முயன்றபோது கைகலப்பில் மிக அருகிலிருந்து .38 ராணுவ ரிவால்வரால் நான்கு முறை சுட்டார்கள், கடைசியில் துப்பாக்கிக் கட்டையால் நெற்றியில் அடித்துத்தான் அவரைச் சாய்க்க முடிந்தது. இது நடந்தது 1905 அக்டோபரில், அதாவது சிகாகோ சோதனைகளுக்கு அடுத்த வருடம். ஆகவே காஸ்பியைப் பார்த்துத்தான் அந்தச் சோதனைகளே நடந்தன என்று எழுதுவதற்கும் இடமில்லை. அவர் அந்தக் காயங்களிலிருந்து பிழைத்துக்கொண்டார்.